மொக்கராசு அண்ணன் ஏன் பையைக் கழற்றுவதில்லை?

"உள்ள போ... உள்ள போ... உள்ள அம்புட்டு எடம் கெடக்குல்ல! எவ அவ, வழியில கூடைய வச்சது?"

போன வாரம் உசிலம்பட்டியில் மினி பஸ் ஏறினேன். எழுமலையில் இருக்கும் என் தங்கச்சி பேச்சியம்மாளைப் பார்க்கப் பயணம். ஏறியதுமே இந்தக் குரல். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று திரும்பினால்... மொக்கராசு அண்ணன்! தோளில் கண்டக்டர் பை. கழுத்தில் விசில்.

மொக்கராசு யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன். அந்த மினி பஸ்ஸின் முதலாளியே அவர்தான். அது போக இன்னொரு மினி பஸ், ஒரு கல்யாண மண்டபம், உசிலம்பட்டி மெயின் ரோட்டில் வாடகைக்கு விட்ட கடைகள், ஒரு தென்னந்தோப்பு. மகன் மதுரையில் டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கிறான். அண்ணனுக்கு வயது எழுபதைத் தொடப் போகிறது.

இந்த மனுஷன் எதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு, சில்லறைக்குச் சண்டை போட வேண்டும்?

என் சீட்டுக்கு வந்தார்.

"எங்கத்தா எறங்கணும்?"

"எழுமலைண்ணே. பேச்சி வீட்டுக்கு."

"சரி, காசக் குடு."

"ஏண்ணே, தங்கச்சிகிட்டயே டிக்கெட்டா?"

"தங்கச்சிக்குத்தான் மொத டிக்கெட்டு. இல்லன்னா இந்த பஸ்ல வாரவ பூராம் என் தங்கச்சி ஆயிருவாளுக!"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு இது புரிவதே இல்லை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் நர்ஸ் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவள். ரிட்டயர் ஆன மறுநாள் செய்த முதல் காரியம், அலாரம் கடிகாரத்தைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டதுதான். பதிலுக்குப் பேரீச்சம்பழம்கூடக் கேட்கவில்லை. தொலைந்தால் போதும் என்றிருந்தது. வேலை என்பது வேறு வழி இல்லாமல் பார்ப்பது. காசு சேர்ந்துவிட்டால் நிறுத்துவது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் பாருங்கள், மதுரையில் எங்கள் ஆனையூரிலும் ஒருவர் இருக்கிறார். மூன்று மாடி கட்டி, கீழே மேலே எல்லாம் வாடகைக்கு விட்டிருக்கிறார். பங்குனி வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாக இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டச் சொல்லி வருகிறார். "உக்காருங்க சார், மோர் குடிங்க" என்றால், "இன்னும் நாலு வீடு பாக்கணும்மா" என்று ஓடுகிறார். வாடகைப் பணம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. இவர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறார். ஏன்? யாரைக் கேட்பது?

"நீ மட்டும் என்னவாம்? பென்ஷன் வருது. வாராவாரம் உக்காந்து எழுதலையா?" என்பார் என் வீட்டுக்காரர்.

அது வேறு. எப்படி வேறு என்று அவரும் கேட்கக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்தால் நடு வீட்டில் ஒரு ஏர்பேக். அவள் மகன் காசிமாயன் துணிகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ராசாத்தி கதவு நிலையில் சாய்ந்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நின்றாள்.

காசிமாயனும் கண்டக்டர்தான். தனியார் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தான். முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டார். அதிலிருந்து வேலை இல்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் பார்த்தான், முதுகு பிடித்துக்கொண்டது. ராசாத்தி பூ எடுக்கப் போகிற கூலியில் அடுப்பு எரிகிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு.

"நாளான்னைக்குத் திருப்பூருக்குப் போறேன் பெரியம்மா. பனியன் கம்பெனில ஆள் எடுக்குறாய்ங்களாம்."

"எப்ப வருவ?"

"தீபாவளிக்கு வருவேன்."

பேச்சி அழவில்லை. ஊறுகாய் பாட்டிலை ஏர்பேக்கில் வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது.

"கண்டக்டர் லைசென்ஸ் வச்சிருக்கவன் ஊரை விட்டுப் போறான். காசு வச்சிருக்கவன் கண்டக்டரா நிக்கிறான். என்னடா நியாயம் இது? உன் மாமன்கிட்டக் கேட்டியா?"

"மாமாவே பைய மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவருகிட்டப் போயி, நீங்க எறங்குங்க, நான் ஏறுறேன்னு எப்படிக் கேக்க?"

"நீ கேக்க வேணாம். நான் கேக்குறேன். கெளம்பு!"

சாயங்காலம் அண்ணன் வீட்டில் போய் உட்கார்ந்தோம். அதே ஊர்தான், இரண்டு தெரு தள்ளி. அப்போதுதான் ட்ரிப் முடித்து வந்திருந்தார். பை சுவரில் ஆணியில் தொங்கியது. மதினி காபி கொண்டுவந்தார். நான் காபி ஆறும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

"அண்ணே, உனக்கு எதுக்கு இந்தக் கண்டக்டர் வேலை?"

"வீட்ல இருந்தா சுகர் ஏறுதுத்தா."

"நடந்தாலே எறங்கும். நர்ஸுகிட்டயே சுகர் கதையா?"

"ஆள் வச்சா காசு அடிப்பாய்ங்க."

"இன்னொரு பஸ்ஸுல ஆள் வச்சுத்தான ஓட்டுற? அவன் அடிக்கிறானா?"

"ச்சே. அவன் நல்ல பய."

"அப்ப இவன் கெட்ட பயலா? உன் மருமகன்தான?"

மதினிதான் பேசினார்.

"கேளுத்தா, நீயாச்சும் நல்லாக் கேளு! போன மாசம் பஸ்ஸு எஃப்.சி. எடுக்க ஒர்க்ஷாப்புக்குப் போயிருச்சு. மனுஷன் வீட்ல இருந்தாரு. அடுப்படியிலயே வந்து நின்னுக்கிட்டு, எதுக்கு இம்புட்டு எண்ணெ, எதுக்கு அம்புட்டு வெங்காயம்னு ஒரே கேள்வி. கடைசில நானே ஆள் விட்டேன், சீக்கிரம் பஸ்ஸ ரெடி பண்ணிக் குடுங்கய்யான்னு!"

அண்ணன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

"மண்டபத்துக்குப் போனா அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நிக்கிறாய்ங்க. கடைப் பக்கம் போனா பேசிக்கிட்டு இருந்தவன் வாய மூடிக்கிறான். வீட்டுக்கு ஒருத்தன் வந்தா ஏதாச்சும் கேக்கத்தான் வாரான். இப்ப நீங்க வந்த மாதிரி. பஸ்ல அப்படி இல்லத்தா. 'ஏய்யா, கண்ணு தெரியலையா, ஸ்டாப்புல நிப்பாட்ட மாட்டியா'ன்னு ஒரு கெழவி வைவா. 'மிச்சக் காச எங்க ஒளிச்ச'ன்னு ஒருத்தி கேப்பா. வேற எவன் என்னைய வையிறான்? நீயே சொல்லு."

திட்டு வாங்குவதற்காகவா ஒரு மனுஷன் வேலைக்குப் போவான்? நான் வார்டில் வாங்காத திட்டா? ஒருநாளாவது அது எனக்கு இனித்திருக்கிறதா? திட்டுத்தான் வேண்டும் என்றால் மதினியே இலவசமாகத் தருவாரே!

அண்ணன் காசிமாயன் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, உனக்குச் சம்பளம்தான வேணும்? மாசாமாசம் நான் தாரேன். கண்டக்டருக்கு என்ன உண்டோ அதக் குறையாமத் தாரேன். நீ வீட்லயே இரு. பைய மட்டும் கேக்காத."

முடிந்தது கதை என்று நினைத்தேன். இதைவிட என்ன வேண்டும்? வேலை இல்லாமல் சம்பளம்! எனக்கு அப்படி ஒருவர் சொல்லியிருந்தால், பாதி சர்வீஸிலேயே யூனிஃபார்மைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடியிருப்பேன்.

காசிமாயன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "வேணாம் மாமா."

"ஏன்டா?"

"காலைல எந்திரிச்சு நான் எங்க போவேன் மாமா? பிள்ளைக பள்ளிக்கொடத்துக்குப் போகுதுக. அவ பூ எடுக்கப் போறா. நான் உங்க காச வாங்கிக்கிட்டுக் கட்டில்ல கெடக்கவா? நான் திருப்பூருக்கே போறேன்."

அவனை ஓங்கி ஒரு அறை விடலாமா என்று இருந்தது. எனக்கு முன்னால் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லாருக்குடா! வேலைய விட்டுட்டு வீட்ல இருன்னு எனக்குச் சொல்ல ஆள் கூட்டிட்டு வந்த. அதையே நான் உனக்குச் சொன்னா கசக்குதா?"

காசு குவிந்து கிடக்கிறவரும் வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறார். காசே இல்லாதவனும் வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறான். நடுவில் நான் ஒருத்தி, வீட்டில் இருப்பதுதான் சொர்க்கம் என்று நினைத்துக்கொண்டு... இந்த மூன்று பேரில் யாருக்குக் கோளாறு?

காசிமாயன் எழுந்தான். "வாரேன் மாமா" என்று செருப்பை மாட்டினான். வாசல் கேட் வரைக்கும் போய்விட்டான்.

"மாப்ள!" அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். "லைசென்ஸ் ரினிவல் பண்ணி வச்சிருக்கியா?"

"இருக்கு மாமா."

அண்ணன் எழுந்து போய் ஆணியிலிருந்து பையை எடுத்தார். வாரைத் துண்டால் ஒருமுறை துடைத்தார். கேட் வரைக்கும் நடந்து போய் அவன் தோளில் மாட்டிவிட்டார்.

"காலைல மொத ட்ரிப்பு. லேட்டா வந்த... பைய அங்கயே புடுங்கிருவேன்."

அண்ணன் திரும்பி வரும்போது வலது தோளைத் தடவிக்கொண்டே வந்தார். மதினி முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நாளிலிருந்து அடுப்படியில் யார் வந்து நிற்பார் என்று அவருக்குத் தெரியும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பேச்சி அந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்துவிட்டாள். ராசாத்திதான் பரிமாறினாள். முதல் கரண்டி எனக்கு.

மறுநாள் காலை மதுரைக்குத் திரும்ப, உசிலம்பட்டி வரை அதே மினி பஸ்ஸில் ஏறினேன். காசிமாயன் இஸ்திரி போட்ட சட்டையில், தோளில் பையோடு நின்றான். ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது பின்னாலிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு விசில்.

திரும்பிப் பார்த்தேன். பின்படியை ஒட்டின சீட்டில் மொக்கராசு அண்ணன். பையைக் கொடுத்திருக்கிறார். விசிலைக் கொடுக்கவில்லை.

"உள்ள போ... உள்ள போ... ரைட், போலாம்!"

காசிமாயன் ஒவ்வொரு சீட்டாக டிக்கெட் கிழித்துக்கொண்டே பின்னால் போனான். அண்ணன் சீட்டுக்கு வந்ததும் நின்றான். எல்லாரும் பார்க்கிறார்கள்.

"மாமா, டிக்கெட்டு."

"எனக்காடா?"

"மாமனுக்குத்தான் மொத டிக்கெட்டு. இல்லன்னா இந்த பஸ்ல எல்லாரும் எனக்கு மாமன் ஆயிருவாக."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இங்கேயே பையைப் பிடுங்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் மெதுவாக மடியை அவிழ்த்துக் காசை எடுத்து நீட்டினார். டிக்கெட்டை வாங்கிக் காதோரம் செருகிக்கொண்டார்.

அதற்குள் முன்சீட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள். "யோவ் விசிலு! எங்க ஸ்டாப்பு தாண்டிப் போகுது, அங்க என்னய்யா பேச்சு?"

அண்ணன் துள்ளி எழுந்து விசில் அடித்தார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மண்டபம் கட்டி முடித்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

ஆனையூர் வந்து சேரும் வரை யோசித்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் தெரியவில்லை. இதை எழுதி முடிக்கிற இந்த நிமிஷம் வரை எனக்கு விளங்கவில்லை.

சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கிற முதலாளியை இப்போதுதான் பார்க்கிறேன்!