ஓடம் என்னுடையது

பச்சை ஏலக்காயும் ஜீப்புப் புகையும் கலந்து அம்மாவின் முந்தானையில் வீசியதுதான் எங்கள் வீட்டின் சாயங்கால வாசனை. விடியுமுன் போடியிலிருந்து மலையேறி, ஏலத்தோட்டத்தில் "காயெடுத்து" அவள் திரும்புகிற ஜீப்பை ஓட்டியவர் அவளுடைய தம்பி, என் மாமா.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு பழைய நாடகம் பாடமாக இருந்தது. அளவுக்கு மீறி ஆளேற்றிய அரசனின் ஓடம் ஆற்றில் கவிழ்கிறது. மந்திரிகள் துடுப்புப் போட்டவனைக் கட்டி இழுத்து வருகிறார்கள். அரசனோ மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "ஓடம் என்னுடையது, பழியும் என்னுடையது" என்கிறான். ஆண்டு விழாவில் அதை நடிக்க, அரசனாக வசந்தாவைத் தேர்ந்தெடுத்தார்கள் தமிழம்மா. மாமா ஓட்டிய ஜீப்பின் முதலாளிக்கு மகள் அவள், கணீரென்ற குரல்.

அந்த ஐப்பசி மழையில், போடிமெட்டுக்குக் கீழே ஒரு வளைவில், மாமாவின் ஜீப்பு உருண்டது. அதில் வந்த சிலமலை ஊர்க்காரி ஒருத்தி செத்துப்போனாள். அம்மாவுக்குக் கால் முறிந்தது. "அவசரக்காரப் பய, நான் சொன்னாக் கேட்டாத்தானே" என்று முதலாளி போலீசில் சொல்ல, மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கட்டுப்போட்ட காலோடு அம்மா, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள்: "லோடு பத்தாது, இன்னும் நாலு பேர ஏத்துடான்னு அவருதான நின்னு ஏத்துனாரு. எந்தம்பி மாட்டேன்னுதான் சொன்னான்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள், மறுநாள் அதே முதலாளியின் இன்னொரு ஜீப்பில் ஏறி வேலைக்குப் போனார்கள்.

ஒத்திகையில் அந்த வசனம் வரும்போதெல்லாம் வசந்தாவின் குரல் நின்றுபோயிற்று. "எங்கப்பாட்ட கேக்குறேன்டி" என்றாள் என்னிடம். கேட்டிருக்கிறாள். வீங்கிய கன்னத்தோடு அவளை மதுரை ஹாஸ்டலுக்கு பஸ்சேற்றிவிட்டார்கள். மகுடம் எனக்கு வந்தது.

விழாவன்று முன்வரிசை நாற்காலியில் முதலாளி இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தே வசனத்தைச் சொன்னேன். முதலில் கைதட்டியது அவர்தான். "ராசான்னா இப்பிடி இருக்கணும்யா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

சிறையிலிருந்து வந்த மாமா பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. ஒருநாள், மலையைப் பார்க்காமல் முதுகு காட்டி உட்கார்ந்தபடி, "நீ பேசுனியாம்ல தாயி, அதச் சொல்லு" என்றார். சொன்னேன். "இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

இப்போது மாமா இல்லை. அந்த நாடகமும் பாடப்புத்தகத்தில் இல்லை. விடியுமுன் என் ஜன்னலுக்குக் கீழே ஜீப்பு வந்து நிற்கிறது. இருட்டுக்குள் யாரோ சொல்கிறார்கள்: "தள்ளி உக்காருங்க ஆத்தா, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்."