மஞ்சள் குளிசை

முதலில் இரத்தத்தைக் கண்டது துறைமுகக் கந்தோரின் கழிப்பறையில். நான் அந்த அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்தேன், வயது முப்பத்தொன்று. மூலம் என்று நினைத்து இரண்டு மாதம் மறைத்தேன். ஒரு நாளில் பன்னிரண்டு தடவை ஓட வேண்டி வந்தபோதுதான் கணவர் அந்தோனி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பெருங்குடல் அழற்சிப் புண் (பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி இரத்தம் கசியும் நோய்) என்றார் டொக்டர். முதலில் ஸ்டீரொயிட் (அழற்சியை விரைவாக அடக்கும் மருந்து) தந்தார். இரத்தம் நின்றது, முகம் உப்பியது. கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி இருந்தாள். அன்றிலிருந்து மருந்து தந்த கையையும் நான் நம்பவில்லை.

பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து, சல்பாசலசின் (புண் திரும்பாமலிருக்க நீண்ட காலம் எடுக்கும் மருந்து) எழுதினார். பெரிய மஞ்சள் குளிசைகள் (மாத்திரைகள்). மூன்றாம் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. என் ஈரலைக் கெடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். எவரிடமும் கேட்கவில்லை. அந்தோனி தண்ணீர் தரும்போது குளிசையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அவர் போனதும் துப்பினேன்.

ஆறு வாரத்தில் இரத்தம் திரும்பியது.

"குளிசையெல்லாம் ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம்."

"அப்ப மருந்து கேக்கேல்லை. கொழும்புக்குக் கடிதம் தாறன். குடலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம்."

அவர் பேனையை எடுத்தார். என் பெயரை எழுதும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுதாதீங்கோ டொக்டர். மஞ்சள் குளிசையை நான் போடேல்லை. மூத்திரம் நிறம் மாறினது. நஞ்செண்டு நினைச்சனான்."

கூட வந்திருந்த அந்தோனி என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஸ்டீரொயிட்டையும் விட்டிட்டீங்களோ?"

"இல்லை."

"நல்ல காலம். அதைத் திடீரெண்டு விட்டா உயிருக்கே ஆபத்து." டொக்டர் பேனையை வைத்தார். "நிறம் குளிசையின்ர நிறம்தான். முதலே சொல்லாதது என்ர பிழை."

கடிதம் கிழிபட்டது. மருந்தை மறுபடி தொடங்கினோம். வீட்டில்தான் கணக்குத் தீரவில்லை.

"என்னட்டையும் பொய்யே?" என்றார் அந்தோனி. அதன்பின் ஒவ்வொரு குளிசைக்கும் என் வாயைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். சந்தேகப்பட்டவள் சந்தேகத்துக்கு ஆளானேன்.

இதே நோயோடு வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சந்தேகப்படுங்கள், ஆனால் வாய்விட்டுக் கேளுங்கள்.

நான்கு மாதத்தில் இரத்தம் நின்றது. நோய் போய்விட்டதென்று டொக்டர் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது என்றார். ஒரு நாளை நான் இப்போது நேரத்தால் அளப்பதில்லை, ஒரு கழிப்பறைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தால் அளக்கிறேன்.

அடுத்த ஆண்டு மூதூருக்கு லோஞ்சில் (மோட்டார் படகில்) போனோம். நடுக்கடலில் வயிறு உறுமியது. என் கை தானாக அங்கே போனது. அந்தோனி பார்த்தார்.

"ஒண்டுமில்லை," என்றேன்.

இந்தமுறை அவர் சோதிக்கவில்லை. தலையாட்டிவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பினார்.