இறக்கையில் ஒரு பூச்சு கூடுதல்

புதிதாக ஒரு தாள் கைக்கு வந்தால் என் மகள் முதலில் அதன் ஓரத்தைக் கிழித்துப் பார்ப்பாள். ஒரு திசையில் இழுத்தால் கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும். மறு திசையில் இழுத்தால் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் திசையில்தான் தாளின் இழை ஓடுகிறது. அந்த இழை இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நீளவாக்கில் வரும்படி ஒட்ட வேண்டும். குறுக்கே வந்துவிட்டால் குச்சிகளுக்கு நடுவே தாள் பள்ளம் விழும். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திய எனக்கு, காகிதத்துக்கு இழை உண்டு என்பதைக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை. ஆனால் இந்தக் கட்டுரை முழுவதும் பெருமையாக இருக்காது. அவளுடைய இறக்கைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அதையும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அவள் திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கீரனூரிலிருந்து தினமும் பஸ். மருமகன் மஸ்கட்டில் இருப்பதால் எங்களோடுதான் இருக்கிறாள். மாலையில் வந்ததும் ஒரு காபியைக் குடித்துவிட்டு முன்னறை மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். தக்கைபோல் கனமில்லாத பால்சா மரத்தைச் சீவி விமானம் கட்டுவாள். இஞ்சின் கிடையாது. உள்ளே நீளமான ரப்பர் நாடா ஒன்று இருக்கும். அதை முறுக்கிவிட்டால் முன்னால் இருக்கும் விசிறி சுழலும். முறுக்கு தீர்ந்த பிறகு விமானம் காற்றில் மிதந்தே இறங்க வேண்டும். எவ்வளவு நேரம் மிதக்கிறது என்பதுதான் போட்டி.

இந்தக் கோடையில் அவள் முதன்முறையாகப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆர்வலர்கள் சேர்ந்து, கீரனூருக்கு வெளியே வறண்டு கிடக்கும் ஒரு கண்மாயில் நடத்துவது. ஒரே ஒரு விதியில்தான் கறாராக இருப்பார்கள். பறக்கவிடுகிறவரே விமானத்தை முழுக்கக் கட்டியிருக்க வேண்டும். விசிறியும் ரப்பரும் மட்டும் கடையில் வாங்கலாம். போன வருடம் வேடிக்கை பார்க்கப் போனபோது யாரோ அவளிடம், "மேடம், நீங்க யாருக்குத் தொணைக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்த விமானம்.

எலும்புக்கூடு தயாரானதும் எதைக் கொண்டு மூடுவது என்ற பேச்சு வந்தது. மேஜையில் நாலு வகையைப் பரப்பியிருந்தாள்.

"இந்த பிளாஸ்டிக் ஃபிலிமுக்கு என்னம்மா கொறச்சல்? இஸ்திரிப் பெட்டிய வச்சுத் தேச்சா ஒட்டிக்கிருமே," என்றேன்.

"அது இஞ்சின் வச்ச விமானத்துக்குப்பா. ரப்பர்ல ஓடுறது அதைத் தூக்கிக்கிட்டு எங்க பறக்க?"

"அப்பப் பட்டுத் துணி?"

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "பட்டுன்னு இன்னொரு வாட்டி பேச்சு வந்துச்சு, பீரோச் சாவி என் இடுப்புக்கு வந்துரும். இப்பயே சொல்லிட்டேன்."

என் மனதில் இருந்தது மூன்றாவது வகை. சிவப்பு ஸ்டார் பேப்பர். புதுக்கோட்டைக்குப் போய் நானே வாங்கி வந்தது.

எங்களுக்குப் பூர்வீகம் ஆவூர். அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலில் தொங்கும் ஸ்டாரைக் கடையில் வாங்கினால் மரியாதை இல்லை. மூங்கிலைப் பிளந்து, கட்டி, வண்ணத்தாள் ஒட்டி நாமே செய்ய வேண்டும். நல்ல ஸ்டாருக்கு அடையாளம் ஒன்றுதான்: விரலால் சுண்டினால் பறைபோல் சத்தம் வர வேண்டும். தாள் தொளதொளவென்று இருந்தால் பார்க்கிறவன் எல்லாம் கேலி பேசுவான். நான் கட்டிய ஸ்டாரை யாரும் கேலி பேசியதில்லை. அந்தக் கர்வம் இந்த வயதிலும் என்னைவிட்டுப் போகவில்லை.

மகள் அந்தச் சிவப்புத் தாளில் ஒரு துண்டை நனைத்து விரலில் தேய்த்தாள். விரல் குங்குமமாகிவிட்டது.

"பாருங்க, பாதி எடை சாயமே இருக்கும் போல."

"வெள்ளைத் தாளு ஆகாசத்துல கண்ணுக்குத் தெரியாதும்மா."

"நீங்க பாக்க வேணாம்ப்பா. டைம் பாக்குறவரு பாத்தாப் போதும்."

நாலாவது வகையைத்தான் எடுத்தாள். தபாலில் வரவழைத்த வெள்ளை டிஷ்யூ. வெங்காயச் சருகைவிட மெல்லியது. ஆனால் நனைந்தாலும் கிழியாது. நீர்த்த பசையில் ஒட்டி, தண்ணீரைப் புகைபோல் தெளித்து, காய்ந்து இறுகும்போது இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பலகையில் ஊசி குத்தி வைத்தாள். பிறகு டோப். அது தாளை இறுக்கிக் காற்றுப் புகாமல் செய்யும் ஒரு மெல்லிய வார்னிஷ். அதில் அவள் சில சொட்டு விளக்கெண்ணெய் விட்டாள். எண்ணெய் சேர்ந்தால் டோப் நாள்பட இழுத்துக்கொண்டே போகாது. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்த வேதியியல் தெரியும். நான் சொல்லித்தராமலே அவள் அதைக் கண்டுபிடித்துச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிசாக இரண்டு பூச்சு. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை கோடை மழை கொட்டித் தீர்த்தது. சனிக்கிழமை அவளுக்குக் கல்லூரி இருந்தது. நான் விமானம் இருந்த பெட்டியைத் திறந்து இறக்கையைப் பார்த்தேன். தாள் சற்றுத் தொய்ந்திருந்தது. சுண்டினேன். தொப் தொப் என்றது.

ஈரக்காற்றில் காகிதம் தளரும், வெயில் வந்தால் தானே இறுகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் அதை நினைக்க நான் விரும்பவில்லை, அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் என் மகளின் இறக்கை தொளதொளவென்று இருப்பதா என்றுதான் தோன்றியது. டோப் டப்பாவை எடுத்தேன். விளக்கெண்ணெய் விடவில்லை. நன்றாக இழுக்கட்டும் என்றுதான் விடவில்லை. மேலே ஒரு பூச்சு அடித்தேன்.

"என்னங்க, நகப் பாலிஷ் வாடை அடிக்குது?" என்றாள் மனைவி.

"ஜன்னலத் தொறந்து வை," என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

காய்ந்ததும் சுண்டினேன். கணீரென்றது. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனமும் செய்தேன். கோபப்பட்டது, சோம்பலில் ஜெபத்தை விட்டது என்று வழக்கமானவற்றைச் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. அப்போது இது பாவமாகவே தோன்றவில்லை. உதவி செய்ததாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை வந்த சுவடே இல்லை. கண்மாயில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. எல்லோரிடமும் கேட்டதை அவளிடமும் கேட்டார்.

"எல்லாம் உங்க கையாலதானேம்மா?"

"எங்கையாலதான் சார். விசிறியும் ரப்பரும் வாங்குனது."

நான் பக்கத்தில் நின்றேன். என் மகள் தெரியாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

ரப்பரை முறுக்காமல் சும்மா கையிலிருந்து விட்டுப் பார்த்தபோது விமானம் இடது பக்கம் சாய்ந்து மண்ணில் உரசியது. அவள் இறக்கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். இடது நுனி முறுக்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்டார் கட்டிய மூங்கில், தாள் இழுப்பதைத் தாங்கும். பால்சா வளைந்து கொடுத்துவிட்டது.

அவள் பதறவில்லை. எனக்காக என் மனைவி கொடுத்தனுப்பிய வெந்நீர் பிளாஸ்க்கைத் திறந்து, ஆவியில் நுனியைக் காட்டி, எதிர்ப்பக்கமாகத் திருகி, நிழலில் ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு ரப்பரை முறுக்கிப் பறக்கவிட்டாள். முதல் பறப்பு நன்றாக அமைந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக. மூன்றாவது சுற்று மட்டும் பாக்கி. தஞ்சாவூர்க்காரர் ஒருவரும் இவளும்தான் முன்னால் இருந்தார்கள்.

ரப்பரை முறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். "அடுத்த தடவ இந்தத் தாளு வேணாம்ப்பா. நம்ம ஊரு வெயிலுக்கு ஒத்துவரல. நான்தான் தப்பா எடுத்துட்டேன்."

அவள் பரிசு வாங்குவாளா என்பதைவிட அது எனக்குப் பெரிதாகிவிட்டது. சரியாக எடுத்த ஒன்றைத் தப்பாக எடுத்ததாக நினைத்துக்கொண்டே அவள் வீட்டுக்குப் போவாள். காலமெல்லாம் அப்படியே நினைப்பாள்.

"தாளுல தப்பில்லம்மா. நேத்து நான் ஒரு கோட் அடிச்சேன்."

முறுக்குகிற கை நின்றது. "வெளக்கெண்ணெய் விட்டா?"

"விடல."

இறக்கையின் இடது நுனியை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்பத் தாளு சரிதான்," என்றாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியவன் நான். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

பொறுப்பாளரை நோக்கி நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அப்போதும் ஒன்று சொன்னேன், மறைக்காமல் எழுதுகிறேன்: "நம்ம சொல்லாட்டி யாருக்கும்மா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேப்பா."

விஷயத்தைக் கேட்ட பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். "பெத்தவரு பாசத்துல பண்ணது. விட்ருவோமேம்மா."

தஞ்சாவூர்க்காரரும் வந்துவிட்டார். "இருக்கட்டும் சார். எங்கப்பாவும் இருக்காரே, ஒரு நாளு இந்தக் குச்சியத் தொட்டதில்ல. கண்ட எடத்துல எல்லாம் வசவுதான்," என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். ஆனால், "போட்டியிலேர்ந்து எம் பேர எடுத்துருங்க சார். மூணாவத மட்டும் கணக்குல சேக்காம பறக்கவிட்டுக்கிறேன்," என்றாள்.

பறக்கவிட்டாள். விமானம் சீமைக்கருவேல மரங்களுக்கு மேலே ஏறி, முறுக்கு தீர்ந்த பிறகும் இறங்க மனமில்லாததுபோல் வட்டமடித்தது. கணக்கில் இல்லாத பறப்புக்கு நேரம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் கடிகாரத்தோடு நின்றிருந்தவர் அதை நிறுத்தவில்லை. அன்று எல்லாவற்றிலும் நீளமானது அதுதான் என்று அவர் சொன்னபோது என் மகள் அங்கே இல்லை. விமானம் விழுந்த திசையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அந்தத் தாளை உரித்தாள். நான் உதவட்டுமா என்று கேட்டேன். "உக்காந்து பாருங்க, போதும்," என்றாள். உட்கார்ந்து பார்த்தேன். அதே வெள்ளைத் தாளில் புதிதாக ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கிழித்துப் பார்த்து, வெட்டினாள்.

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் பழைய சக ஆசிரியர்களைப் பார்க்கும்போது இதையெல்லாம் சொல்வேன். நான் அடித்த பூச்சையும் சேர்த்தேதான் சொல்வேன். அதை விட்டுவிட்டால் அவள் செய்தது என்னவென்று விளங்காது. போன வாரம் சொன்னபோது முழுக்கக் கேட்டுவிட்டு ஒருவர் கேட்டார்: "அது சரி சார், பரிசு யாருக்கு?"

"தஞ்சாவூர்க்காரருக்கு," என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் இறங்கவில்லை.