பத்துப் பத்தாகக் காட்டும் மேடை

மூட்டை என்ற பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தது அவன் பிறந்த மூன்றாம் நாள். அப்போது அவன் அக்காவுக்கு ஏழு வயது. குழந்தையை ஆசையாக மடியில் வாங்கியவள், சற்று நேரத்தில் கால் மரத்துப்போய், "அம்மா, இந்த மூட்டைய யாராவது இறக்குங்களேன்!" என்று கத்தினாள். பெரியம்மா, சித்தி, அத்தைமார் என்று வீடு நிறைய இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

பெயருக்கேற்ற வேலையும் வாய்த்தது. ஒரு பெரிய சரக்குக் கிடங்கின் வாசலில் லாரிகளை எடை போடும் மேடை. தரையோடு பதித்த நீள இரும்புத் தட்டு, அதன் பக்கத்தில் மூன்று படி ஏறினால் ஒரு கண்ணாடி அறை. அறைக்குள் சிவப்பு எண்கள் எரியும் பெட்டி, சீட்டு அடிக்கும் மிஷின், ஒரு நாற்காலி. லாரி வெறுமையாக உள்ளே போகும்போது ஓர் எடை, சரக்கேற்றி வெளியே வரும்போது ஓர் எடை. இருந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவான் மூட்டை. அதே ஜன்னல் வழியாக டிரைவர்கள் டீயை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் முகம் கோணிவிடும். ஒரு நாளைக்குப் பதினைந்து டீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை. தொட்டுக்கொள்ள பிஸ்கட் வேறு. இருபது வருடத்தில் மூன்று நாற்காலிகள் உடைந்தன.

"உக்காந்து உக்காந்தே நாற்காலிய ஒடைக்கிற ஒரே ஆள் நீதான்டா" என்பாள் அக்கா.

அந்த அக்காவுக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. அத்தான் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. கூடப் பிறந்தவன் இவன் ஒருவன்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மிஷினில் கையை நீட்டிக்கொண்டு கிடந்தாள். மூட்டை யாரையும் கேட்கவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "என்னோடத எடுத்துக்கங்க" என்றான். ரத்தம் பொருந்தியது, எல்லாம் பொருந்தியது. எடைதான் பொருந்தவில்லை. நூற்றுப் பதினெட்டு கிலோ. தொண்ணூறுக்குக் கீழே வந்தால் பேசலாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

அவ்வளவுதானே என்று மறுநாளே சோற்றை விட்டான். காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி மறுபடி வெந்நீர். மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள். ஒரு வாய் வாங்கவில்லை.

எடையை எதில் பார்த்தான் தெரியுமா? லாரி மேடையில்! வீட்டு மிஷினெல்லாம் அவனுக்கு விளையாட்டுச் சாமான். "மேடை பொய் சொல்லாது" என்பது அவன் இருபது வருடப் பேச்சு. தினமும் காலையில் சிமெண்ட் லாரி ஓட்டும் மீசைக்காரரைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துவிட்டு, தான் போய் இரும்புத் தட்டின் நடுவில் நிற்பான்.

"எவ்ளோண்ணே?"

"நூத்தி இருவது."

மறுநாளும் நூற்று இருபது. அடுத்த நாளும் அதேதான். ஒன்பது நாள் பட்டினி கிடந்தும் நூற்று இருபதிலிருந்து இம்மி நகரவில்லை. பத்தாம் நாள் வெள்ளரிக்காயையும் விட்டான். அன்று கண்ணாடி அறைப் படியிலிருந்து இறங்கியவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மீசைக்காரர் பாய்ந்து பிடித்தார். பிடித்தவரும் சேர்ந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் அம்மா ஒருத்தி இருந்தாள். கதையைக் கேட்டவள், "உங்க மேடை எத்தன கிலோவுக்கு ஒருக்கா மாறும்?" என்று கேட்டாள்.

"பத்து கிலோவுக்கு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நூற்றுப் பதினெட்டும் அதற்கு நூற்று இருபதுதான், நூற்றுப் பதினாறும் நூற்று இருபதுதான். லாரிக்காரர்களுக்கு வாய் வலிக்க விளக்கிய கணக்கு, தன் உடம்புக்கு வரும்போது மறந்துபோயிற்று.

"மேடை பொய் சொல்லலண்ணே, முழுசாச் சொல்லல, அவ்ளோதான்" என்று சிரித்தாள் அந்த அம்மா. பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னாள்: "ஒரு கிட்னியக் குடுத்துட்டா, மிச்சம் இருக்கிற ஒண்ண வச்சுத்தான் நீங்க காலம் பூரா ஓட்டணும். பட்டினி கிடந்து கொறைச்சது பந்து மாதிரி திரும்பி வரும். சாகுற வரைக்கும் செய்யக்கூடியது எதுவோ அத மட்டும் செய்ங்க."

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைதான். மனைவி சாப்பாட்டு டப்பாவில் இடத்தை மாற்றினாள். சோறு இருந்த பெரிய அடுக்கில் காயும் கீரையும், காய் இருந்த சின்ன அடுக்கில் சோறு. டீயில் போடும் சர்க்கரை மாதத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைந்தது. டீ நீட்டும் டிரைவர்களிடம், "எங்கக்காவுக்காகண்ணே" என்றான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜன்னல் வழியாகச் சீட்டு நீட்டுவதை நிறுத்தினான். ஒவ்வொரு லாரிக்கும் படியிறங்கி, மேடையின் நீளத்துக்கு நடந்து, டிரைவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான். நாளைக்கு நாற்பது லாரி. முதல் வாரம் நாய் மாதிரி மூச்சு வாங்கியது.

"என்ன மூட்டை, சீட்டுக்குக் கால் மொளச்சிருச்சா?" என்று கேலி செய்தார் மீசைக்காரர்.

"உங்க மீசைய ஒரு நாள் எடை போடுறேன், இருங்க."

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் மேடையில் ஏறினான். மூன்றாம் முறை மீசைக்காரர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து போட்ட கூச்சலில் கிடங்கே எட்டிப் பார்த்தது. நூற்றுப் பத்து! பிறகு ஒரு நாள் நூறு. ஒரு வருடம் ஆகும்போது தொண்ணூறு. சீட்டு அடித்து எடுத்துக்கொண்டு, சட்டை மாற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அங்கே இருந்த சின்ன மிஷின் தொண்ணூற்று நாலு என்றது.

அந்த வாரம் அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை. முகம் வீங்கி, பேச்சே ஈனக்குரலில் வந்தது. நாலு கிலோதானே, பத்து நாள் வயிற்றைக் கட்டினால் போதும் என்று அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தான் மூட்டை.

"டேய், இங்க வா" என்றாள் அக்கா. மிஷினில் மாட்டாத கையால் அவன் காதைப் பிடித்தாள். "நீ மறுபடி மயங்கி விழுந்தா, அந்தக் கிட்னிய நான் எடுத்துக்க மாட்டேன். எழுதிக் குடுத்துருவேன், ஆமா. எனக்குத் தம்பியும் வேணும். மெதுவா வா. நான் எங்கயும் போயிர மாட்டேன்."

"போயிட்டேன்னா?"

"உன் மடியில ஒரு நாளாவது உக்காந்து கால மரத்துப்போக வைக்காம போவேனா?"

அவன் அழுதுகொண்டே சிரித்தான். அன்று மதியம் டப்பாவைத் திறந்து, சின்ன அடுக்குச் சோற்றை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டான். அந்த நாலு கிலோவும் கொஞ்சமும் இறங்க மூன்று மாதம் ஆயிற்று. அக்கா சொன்ன சொல் தவறாமல் காத்திருந்தாள். எண்பத்தொன்பதரை காட்டிய அன்று டாக்டர் தேதி குறித்தார்.

ஆபரேஷன் நடந்து ஆறு வருடம் ஆகிறது. மூட்டை அதே கண்ணாடி அறையில்தான் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு லாரிக்கும் படியிறங்கிப் போய்த்தான் சீட்டுக் கொடுக்கிறான், எடை எண்பத்தெட்டு. அக்கா இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். சாயங்காலம் அவன் அங்கே நடந்து போகிறான், இரண்டு பேரும் சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறார்கள்.