பிடங்கின் நீளம்

என் மகள் நூற்று எழுபத்திரண்டு சென்டிமீட்டர் உயரம் வளர்வாள் என்று ஒருகாலத்தில் நான் கணித்திருந்தேன். வெறும் வாய்க்கணிப்பு அன்று. சுகாதார நிலையத்துத் தாதி அவளைச் சுவரோடு நிறுத்திக் குறித்துத் தந்த உயரங்களையெல்லாம் வரைபுத்தாளில் புள்ளிகளாக இட்டு, அவற்றினூடே ஒரு வளைகோட்டை இழுத்து, அது எங்கே சென்று படுக்கிறது என்று பார்த்துச் சொன்ன முடிவு. யாழ்ப்பாணத்தில் சில ஆண்டுகளும் ஒஸ்லோவில் பல ஆண்டுகளும் கணிதம் கற்பித்தவனுக்கு அந்தக் கோட்டின்மேல் இருந்த நம்பிக்கை, தேநீர் ஊற்றியபடியே அதை எட்டிப் பார்த்த என் மனைவிக்கு இருக்கவில்லை.

"என்னைப் பாருங்கோ, என்ரை அக்காவைப் பாருங்கோ. இவள் எங்கையிருந்து வளரப்போறாள்?"

"கோடு அப்பிடித்தான் போகுது."

"கோட்டுக்கு எங்கடை சனத்தைத் தெரியாது."

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒஸ்லோவின் புருசெத்தில் ஏழாம் மாடியில் குடியிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. வகுப்புத் தோழி ஒருத்தியின் பின்னால் சென்றவள், பள்ளிக்கூடத்தின் நிலக்கீழ்ப் பாதுகாப்பறையில் இயங்கிய துப்பாக்கிக் குறிசூட்டுக் கழகத்தில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாள். நோர்வேயில் அது பிள்ளைகளின் விளையாட்டு. பதினைந்து மீட்டர் தொலைவில் ஒரு காகிதம், அதன் நடுவில் ஒரு கரும்புள்ளி, அவ்வளவே. எங்கள் வீட்டிலோ துவக்கு என்ற சொல் சாப்பாட்டு மேசையில் உச்சரிக்கப்பட்டதில்லை. மறுப்பதற்குக் காரணம் தேடினேன். கிடைத்த காரணங்கள் ஒன்றும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியவையாக இல்லை. ஆகவே சம்மதித்தேன். சம்மதித்ததோடு என் கடமை முடிந்தது என்றும் எண்ணிக்கொண்டேன்.

அவள் நன்றாகச் சுட்டாள். ஒரு வருடம் போனபின், அவளுக்கென்று ஒரு துவக்கைச் சேர்த்துக் கட்டலாம் என்று பயிற்சியாளர் சொல்லியனுப்பினார். குழலும் அதன் பொறியும் கழகத்தின் பெயரில் இருக்கும். தோளில் அணைத்துக் கன்னம் பதிக்கும் மரப்பகுதியை மட்டும் பெற்றோர் வாங்கித் தரவேண்டும். நோர்வேஜியர் அதை ஷெஃப்டெ என்பார்கள். எங்களுக்கு அது பிடங்கு. விலைப்பட்டியலில் அது பல விதமாக இருந்தது: பீச் மரம், ஒட்டுப்பலகை, ஏற்றி இறக்கக்கூடிய கன்னத்தாங்கி, பிள்ளைகளுக்கான நீளம், பெரியவர்களுக்கான நீளம். ஒரு பிடங்கு மனித உடம்புக்கு இதமாக இருக்கவேண்டும் என்று ஒருவர் இத்தனை அக்கறையோடு யோசித்திருப்பதை நான் அந்தத் தாளில்தான் முதன்முதலாகக் கண்டேன்.

அதற்கு முன்பு நான் அறிந்திருந்த பிடங்கு ஒன்றே ஒன்று. ஊரில் ஓர் இராணுவச் சோதனைச் சாவடியில், அடையாள அட்டையை எடுக்கச் சற்றுத் தாமதித்ததற்காக என் வலது தோளில் இறங்கியது. காறையெலும்புக்குக் கீழே உள்ள குழியில். குளிர்காலத்தில் அந்த இடம் இன்னமும் தன்னை நினைவூட்டும். மனைவிக்குத் தெரியும். மகளுக்குச் சொன்னதில்லை.

ஒரு மாலை அவள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"அப்பா, ட்ரேனர் சொல்லுறா, புதன்கிழமை அளவு எடுக்கிறதாம். ஆரும் ஒராள் வந்து பிடங்கை என்ரை தோளிலை வைச்சுப் பிடிக்கவேணுமாம். அவ பக்கத்திலை நிண்டு கழுத்தைப் பாப்பாவாம்."

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ."

"அம்மாவுக்குப் பின்னேர வேலை. நீங்கள் சும்மாதானே."

"தாள் திருத்தக் கிடக்கு, பிள்ளை."

"தாளையும் கொண்டு வாங்கோவன். அங்கை கீழை லைட் நல்லா இருக்கு."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அது மறுப்பை மென்மையாக்கும் என்பது ஆசிரியர்களின் நம்பிக்கை. பின்பு தையல் நாடாவை எடுத்து, அவளை அங்கேயே நிறுத்தி, முழங்கையின் மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்தேன். வந்த எண்ணைக் கொண்டு பார்த்தால் பிள்ளைகளின் நீளமே போதும். ஆனால் நாங்கள் எதையும் அன்றைய அளவில் வாங்கிப் பழகியவர்கள் அல்லர். அவளுடைய குளிரங்கியின் கை எப்போதும் விரல்களை மூடியிருக்கும்; சப்பாத்துக்குள் இரண்டு காலுறை. கடையில் எங்கள் சனம் எல்லோரும் சொல்வதையே நாங்களும் சொல்வோம்: வளருற பிள்ளை. போதாததற்கு என்னிடம் கோடு வேறு இருந்தது. கையின் நீளத்தை வருங்கால உயரத்துக்கு ஏற்ப விகிதப்படுத்தி, மூன்று சென்டிமீட்டரைக் கூட்டி, பெரியவர்களுக்கான பிடங்கு என்று முடிவு செய்து, அட்டவணையோடு எழுதி, உறையில் இட்டுக் கொடுத்தேன்.

அவள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைக் குடுத்தாப் போதுமோ?"

"எல்லாம் விளக்கமாய் எழுதியிருக்கு."

"சரி" என்றாள். பிறகு ஒருபோதும் என்னை அங்கே வரச்சொல்லி அவள் கேட்கவில்லை.

சில வாரங்களில் பிடங்கு வந்து சேர்ந்தது. அளவாக இருக்கிறதா என்று விசாரித்தேன். "ஓம் அப்பா, அளவு" என்றாள். தொடர்ந்த ஆண்டுகளில் வீட்டுக்குப் பதக்கங்கள் வந்தன. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தேநீர் வேளைகளிலும் கலியாண வீடுகளிலும் அந்தக் கணக்கை நான் பலருக்கு விளக்கியிருக்கிறேன். அவள் நூற்று ஐம்பத்தைந்தோடு நின்றுவிட்டபோது, உயரம் பிழைத்தாலும் கை பிழைக்கவில்லை, பிடங்கு பொருந்தியதே அதற்குச் சான்று என்று வாதிட்டேன். அவள் அருகில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். ஒருமுறைகூட மறுத்ததில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் அவள் போய்விட்டாள். நோயைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இறந்தவரின் ஆயுதம் உரிய இடத்தில் ஒப்படைக்கப்படவேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்தத் துவக்கை அவள் பெரியவளானபின் தன் பெயருக்கு மாற்றியிருந்தாள். கழகம் அதை மீண்டும் ஏற்றுக்கொள்ள முன்வந்தது. பத்திரங்களோடும் பெட்டியோடும் நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நிலக்கீழ் அறைக்கு இறங்கப் பதினெட்டுப் படிகள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து பத்து நிமிடத் தூரம்.

பயிற்சியாளர் இப்போது நரைத்த பெண்மணி. இரண்டு திருகாணிகளைக் கழற்றிக் குழலைத் தனியே எடுத்து வைத்தார். மரம் ஆயுதமல்ல, அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார். பிறகு, எனக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில், பெட்டியின் துணிமடிப்புக்குள்ளிருந்து ஒரு சிறு மரத்துண்டை எடுத்து அதனருகே வைத்தார். பிடங்கின் அதே பீச் மரம். மூன்று சென்டிமீட்டர்த் தடிப்பு. ஒரு பக்கத்தில் வாள் அறுத்த தடம். அதன்மேல் தமிழ்ப் பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில், பென்சிலால்: வளர்ந்தால் திரும்பப் பூட்ட.

பிடங்கு வந்த கிழமையே அறுத்தார்களாம். அதை அணைத்தபோது அவளுடைய கழுத்து முன்னே இழுபட்டதாம். துண்டு வீணாகாமல், பின்னர் திருகாணியால் பூட்டக்கூடியதாக அறுக்கவேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாளாம். அப்பாவின் கணக்கு சரியாக வரக்கூடும் என்றாளாம்.

அவர் இன்னொன்றையும் சொன்னார், குறை கூறும் குரலில் அல்ல. அளவெடுத்த அந்தப் புதன்கிழமை, தோழியின் தகப்பன் பிடங்கைப் பிடிக்க முன்வந்தபோது, தன் அப்பா வருவார் என்று சொல்லி அவள் மறுத்துவிட்டாளாம். மாதிரிப் பிடங்கைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நேரம் முடியும்வரை நின்றாளாம். அதன் பிறகுதான் உறையை எடுத்துக் கொடுத்தாளாம்.

உறை முதலிலிருந்தே அவள் பையில் இருந்தது. நான் வரமாட்டேன் என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். ஆயினும் நின்றிருக்கிறாள். அளவைத் தேடியவள் அல்ல அவள். எனக்கு அது அன்று விளங்கவில்லை. நான் ஏன் வரவில்லை என்பது அவளுக்கு என்றைக்குமே விளங்கவில்லை. தாள்கள்தான் காரணம் என்று நம்பியே போயிருப்பாள். என் தோளின் கதையைச் சொல்ல இருபது ஆண்டுகள் இருந்தன. அவள் தோளில் என் உள்ளங்கையை வைத்து ஒரு மரத்தைப் பிடித்திருந்தால், சொல்லாமலே விளங்கியிருக்கவும் கூடும்.

நீங்கள் ஏன் ஒருநாளும் வரவில்லை என்று பயிற்சியாளர் கேட்டார். நோர்வேஜிய மொழி எனக்குச் சரளமாக வரும்.

தாள் திருத்த இருந்தது என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் பத்திரத்தில் ஒப்பமிடப் போனார். மரத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரத்து வாங்கில் உட்கார்ந்தேன். பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் காத்திருக்கும் வாங்கு. எதிரே ஒரு மேசை. அவள் சொன்னதுபோலவே, அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒரு கட்டுத் தாளை ஆறுதலாகத் திருத்தியிருக்கலாம்.