ஏவல் எடுத்த வீடு

கண்டக்டர் வீட்டுக்கு யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்று முதலில் சொன்னவர் எதிர்வீட்டு இஸ்திரிக்காரர். எதையும் சூடாகச் சொல்கிற மனிதர் அவர். அவர் சொன்னது மடிப்புக் கலையாமல் தெருக்கோடி வரை போய்ச் சேரும். கையில் ஆதாரமும் இருந்தது. கண்டக்டரின் மனைவி கூடத்தில் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "தட்டுல சாப்பாடு இருக்கு" என்று சுவரிடம் சொன்னாராம். பின்னாலேயே கண்டக்டர் வந்து, "நாற்காலி காலியாத்தான் கெடக்கு" என்று ஜன்னலிடம் சொன்னாராம். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே நேரத்தில் மரை கழல்கிறதென்றால் அது செய்வினை இல்லாமல் வேறென்ன?

பஸ்ஸில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. "ஏறு, எறங்கு, உள்ள போ, படியில நிக்காத, கைய உள்ள எடு" என்று அதட்டியே தொண்டை தடித்துப்போனவர், இப்போது, "உள்ள எடம் இருக்குற மாதிரி தெரியுது" என்கிறார். மாதிரி தெரிகிற இடத்துக்கு எந்தப் பயணி நகர்வான்? படிக்கட்டில் கூட்டம் திராட்சைக் குலையாகத் தொங்கியது. கூட ஓட்டும் டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாப்ள, தேர்தல்ல நிக்கப் போறியா?"

"நான் எதுக்குடா நிக்கப் போறேன்?"

"அப்புறம் எதுக்கு ஓட்டுக் கேக்குறவன் மாதிரியே பேசுற? விசிலாவது ஊதித் தொல."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் கண்டக்டர் பின்பக்கம் போய்விட்டார்.

விசாரித்துப் பார்த்ததில், இஸ்திரிக்காரர் சொன்னது பாதி நிஜம். ஏவல் விவகாரம்தான். ஆனால் யாரும் வைக்கவில்லை, வீட்டுக்காரர்களே எடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் 'வா, போ, செய்' என்று வருமே, அந்த ஏவல்.

கண்டக்டருக்கு ஒரே மகள். வாயாடி என்றால்தான் தெருவில் தெரியும். அப்பாவை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவாள். "நில்லுடி" என்றால் "நின்னா என்ன குடுப்ப?" என்பாள். "வாய மூடு" என்றால் "மூடினா மூச்சு முட்டும்" என்பாள். அப்பா திட்டுவார், மகள் திருப்பித் திட்டுவாள். அம்மா இரண்டு பேருக்கும் சோற்றைப் போட்டு வாயை அடைப்பார். நல்ல குடும்பம்.

ஒரு நாள் காலையில் கண்டக்டரின் விசிலைக் காணோம். டிப்போவுக்கு நேரமாகிவிட்டது. முந்தைய நாள் அதை எடுத்து ஊதிக்கொண்டிருந்தவள் மகள்தான்.

"நான் எடுக்கலப்பா. உன் பைல பாரு."

"விசிலையும் தொலைச்சுட்டு வாய் வேறயா? நீயும் எங்கயாவது போய்த் தொல."

வீட்டுக்கு வீடு புழங்குகிற வார்த்தை. குடையைத் தொலையச் சொல்கிறோம், கொசுவைத் தொலையச் சொல்கிறோம், பெற்ற பிள்ளையை வேளைக்கு ஒரு தரம் தொலையச் சொல்கிறோம். ஒன்றும் தொலைவதில்லை. கொசுகூட.

அன்று சாயங்காலம் அழுக்குக் கூடையில் கிடந்த இன்னொரு பேண்ட்டின் பையில் விசில் இருந்தது. மகள் இல்லை. துணிக்கடையில் வேலை வாங்கித் தருவதாக ஒரு பெண்மணி கொஞ்ச நாளாகவே அவளிடம் பேசிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரியவந்தது. போன இடத்தில் துணிக்கடையும் இல்லை, சம்பளமும் இல்லை. எங்கோ ஒரு கட்டிடத்தின் மேல்மாடியில் பெட்டிகளில் சாமான் அடைக்கும் வேலை; வெளியிலிருந்து மட்டும் திறக்கிற ஷட்டர். போனை முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். மற்றதை அவள் சொன்னதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

காவல் நிலையத்தில் புகார் எழுதுகிறவர் "பொண்ணு எப்ப தொலைஞ்சா?" என்று கேட்டபோது, கண்டக்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "காணோம்னு எழுதுங்க சார். தொலையல. காணோம்" என்றார். அதன் பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. தொலைபேசியைப் போன் என்றார், தொலைக்காட்சியை டிவி என்றார். பஸ் போகிற ஊர் எவ்வளவு தொலைவு என்று கேட்டவருக்கு, "தூரம்தாங்க" என்று பதில் வந்தது. மகளின் போட்டோவை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி, ஏறியவர்களிடமெல்லாம் காட்டினார். மூன்று வருடத்துக்கு மேல் அந்தப் படம் பஸ்ஸோடு போய் வந்தது. வெயிலில் முகம் வெளுத்து, கடைசியில் யார் பெண் என்றே சொல்ல முடியாமல் போனது.

பிறகு ஒரு நாள் போலீஸ் அந்த ஷட்டரை உடைத்து, உள்ளே இருந்தவர்களை அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது. வாசலில் வண்டி வந்து நின்றது. எத்தனையோ பேசவேண்டும் என்று நினைத்து வைத்திருந்த கண்டக்டருக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"வாம்மா."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வாயாடி வந்தாள். அப்பா சொன்னது வரவேற்பு. அவள் காதில் விழுந்தது வேலை.

அம்மா "உக்காரு" என்றார். உட்கார்ந்தாள். சாயங்காலம் விளக்குப் போட வந்தபோதும் அதே நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். மறுவாரம் கண்டக்டரின் அக்கா வந்தார். அந்த அம்மாளுக்குப் பட்டப்பெயர் ஸ்பீக்கர். தெருவில் நுழையும்போதே மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும்.

"இப்படி மூலையில சுருண்டு கெடந்தா ஆச்சா? எந்திரி. இந்த வெங்காயத்த உரி, பொழுது போகும்" என்று அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப் போனார். பேச்சு என்றால் ஸ்பீக்கர் அத்தைக்கு வீடு வாசல் மறந்துவிடும். கண்டக்டர் டியூட்டி முடிந்து வந்து பார்த்தபோது கூடை காலி. கூடைக்குப் பின்னாலிருந்த மூட்டையும் முக்கால் காலி. மகள் கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக உரித்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா, வெங்காயமா என்று தெரியவில்லை.

"போதும்மா" என்றார். கை அந்த நொடியே நின்றது. அந்த நிற்பைப் பார்த்துத்தான் மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மனநல டாக்டரம்மா விளக்கினார். "அடுத்தவங்க சொன்னத செய்யாம இருக்கலாம்ங்கறதே உங்க பொண்ணுக்கு மறந்துபோச்சு. கொஞ்ச நாளைக்கு வீட்ல யாரும் எதையும் செய்னு சொல்லாதீங்க" என்றார். செய் என்று சொல்லக் கூடாது என்பதையும் யாராவது ஒருவர் செய் என்று சொல்லித்தானே ஆக வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்துதான் சுவரிடம் பேச்சு. 'சாப்பிடு' கிடையாது, தட்டில் சாப்பாடு இருக்கிறது. 'தூங்கு' கிடையாது, பாய் விரித்திருக்கிறது. அவளுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும். ஸ்பீக்கர் அத்தைக்குத்தான் தாங்கவில்லை.

"வான்னு கூப்பிடக் கூடாது, போன்னு சொல்லக் கூடாது. அப்ப என்னதான்டா பேசுறது?"

"பேசாம இருந்து பாரேன்க்கா."

"இது மட்டும் ஏவல் இல்லியா?" என்று கேட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். ஆனால் அடுத்த முறை வந்தவர், தம்பி மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், தானே ஒரு கிண்ணம் பட்டாணி உரித்துவிட்டுப் போனார். ஸ்பீக்கருக்கு அது பெரிய விரதம்.

வீட்டில் பழகிய நாக்கு பஸ்ஸிலும் அப்படியே புரண்டது. அவ்வளவுதான் தேர்தல் கதை.

மாதங்கள் போயின. மகள் 'சரிங்க' என்பதைக் குறைத்தாள். வேறெதுவும் கூட்டவில்லை. ஒரு மத்தியானம் அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டு, "அடுப்புல தண்ணி கொதிக்குது" என்று காற்றுக்குச் சொன்னார். மகள் கூடத்தில் பழைய வாரப்பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எழவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஓடிப்போய் அடுப்பை அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. தண்ணீர் கொதித்து, வற்றி, பாத்திரம் அடிப்பிடித்துக் கறுத்தது. எதிர்வீட்டிலிருந்து இஸ்திரிக்காரர், "என்னம்மா தீயுது?" என்று கத்தினார். "எங்க வீட்டுப் பாத்திரங்க" என்று அம்மா சொன்ன விதத்தில், ஏவல் முற்றிவிட்டதென்று அவர் முடிவு கட்டினார்.

கண்டக்டர் வந்தார். கறுத்த பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மகள் வாசலிலேயே நின்றாள்.

"நான்தான் விட்டேன். கேட்டுச்சு. எந்திரிக்கல."

"பரவால்லம்மா."

"திட்டலியா?"

"எதுக்குத் திட்டணும்? பாத்திரம்தான்."

அவள் அவரையே பார்த்தாள். "அங்க யாரும் என்னைத் திட்டினதில்லப்பா. சொல்லுவாங்க, செய்வேன். திட்டுறதுக்கு ஒரு ஆளா நெனைக்கணும்ல." பாத்திரத்தை முன்னால் நீட்டி, "நீ திட்டேன்" என்றாள்.

நீ. அந்தச் சொல் திரும்பி வந்ததற்கே அவர் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரித் திட்டியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார். பஸ் நிறையப் பேரை ஒரே மூச்சில் அதட்டுகிற வாய். வரவில்லை. கடைசியாக அவளைத் திட்டிய திட்டு, படிக்கட்டை மறித்து நிற்கும் ஆள் மாதிரித் தொண்டையில் நின்றது. அது நகர்ந்தால்தான் இன்னொன்று ஏறும்.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார். "காலையில. அந்த விசில்..."

"கெடச்சுதா?" என்றாள் மகள்.

"என் பேண்ட்டு பைலதான் இருந்துச்சு."

"நான்தான் அப்பவே சொன்னேன்ல, உன் பைல பாருன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். மற்றது அவளுக்கு மறந்துவிட்டதா, மறந்தவள் மாதிரி நின்றாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை. பாத்திரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், நோட்டை நீட்டும் பயணியிடம் சொல்லிச் சொல்லிப் பழகியதுதான் உதவிக்கு வந்தது.

"இப்ப சில்லற இல்லம்மா."

"சரி, எறங்கும்போது குடுத்துடு" என்றாள்.

அந்தப் பாத்திரத்தை யாரும் தேய்க்கவில்லை. சமையலறை ஆணியில் கறுப்பாகவே தொங்குகிறது. வாரத்துக்கு ஒரு தரமாவது மகள் அதைக் கண்ணால் காட்டி, "என்னப்பா, என் திட்டு?" என்கிறாள். கண்டக்டர் தொண்டையைச் செருமுகிறார். விசிலை வாயில் வைத்துக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுகிறார். இன்னும் கொடுத்தபாடில்லை.