இரத்தம் குறைந்தால் குற்றவாளி குசினியிலா?

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரைப் புதுவருடம் கழிந்த கையோடு, நிலாவெளியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

என் மாமா, அதாவது கணவரின் அப்பா, கரைவலை இழுப்பவர். அறுபது தாண்டியும் வலைக் கயிற்றை விடவில்லை. அந்த வருடம் கரைவலைக் காலம் தொடங்கியதிலிருந்தே ஆள் வெளிறிக்கொண்டு வந்தார். கடற்கரையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் குந்தி இளைப்பாறுவார். என்ன செய்கிறது என்று கேட்டால், "ஒண்டுமில்லை பிள்ளை, வெயில்" என்பார். விடியற்காலையில் என்ன வெயில்?

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அதனால் நானும் மாமாவின் அக்காவும் அவரை டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். அந்த அக்காவை நான் பெரிய மாமி என்று கூப்பிடுவேன். இரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்தது. டொக்டர் அதில் முதல் வரியை மட்டும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நோயாளியை அல்ல, என்னைப் பார்த்தார்.

"எச்.பி. ஏழுதான் இருக்கு. வயசுபோன மனுசனுக்குச் சாப்பாடு ஒழுங்காக் குடுக்கிறேல்லையோ?"

எனக்கு முகம் சுட்டது. அந்தத் தாளில் வேறும் எத்தனையோ எழுத்துகள் இருந்தன. எம்.சி.வி., எம்.சி.எச். என்று நீளமாகப் போனது. சிலவற்றுக்குப் பக்கத்தில் 'எல்' என்று அடித்திருந்தது. அது என்னவென்று கேட்டேன். அதெல்லாம் எனக்கு விளங்காதாம், இரும்புக் குளிசை எழுதியிருக்கிறாராம், போய் வரட்டாம். விளங்கப்படுத்தினால்தானே விளங்கும்!

பெரிய மாமிக்கு இது போதாதா? திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனை எடுத்துவிட்டார். நாங்கள் வீடு வந்து சேர முன்பே, மருமகள் மாமனைப் பட்டினி போட்ட கதை வடக்கே திரியாய் ஊர் வரைக்கும் போய்விட்டது. எங்கள் வீட்டில் என் கணவருக்கு முன்னால் மாமாவுக்குத்தான் சோறு விழும். மீனின் நடுத்துண்டு அவருக்குத்தான். அதை யார் கேட்டார்கள்? சொந்தக்காரர் ஆளுக்கொரு பையோடு வந்தார்கள். ஆட்டீரல், முருங்கை இலை, பேரீச்சம்பழம். கூடவே எனக்குச் சமையல் பாடம். வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும் நான்தான்.

இதில் மாமா மீதும் எனக்குக் கோபம். இவ்வளவு நடக்கும்போதும் மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

குளிசை தொடங்கிய பிறகு மலம் கறுப்பாகப் போகிறது என்று மகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். கணவர் கிளினிக்குக்கு போன் பண்ணினார். இரும்புக் குளிசை போட்டால் அப்படித்தான் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைதான் மாமாவை விழுத்தப் பார்த்தது. கொஞ்ச நாளில், வலை கரைக்கு வந்துகொண்டிருக்கும்போது, கயிற்றைப் பிடித்தபடியே அவர் மணலில் சரிந்துவிட்டார். இருமருங்கும் நின்றவர்கள்தான் தூக்கி ஓட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு லேடி டொக்டர். சிங்களப் பிள்ளை, தமிழைத் தட்டித்தடவித்தான் கதைத்தார். ஆனால் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி, விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். எச்.பி. என்பது இரத்தத்தின் சிவப்புச் சத்து, அது குறைவு என்பது மட்டும்தான் அதில் தெரியும், ஏன் குறைந்தது என்று தெரியாது. எம்.சி.வி. சிவப்பணுவின் பருமன். எம்.சி.எச். ஒவ்வொரு அணுவுக்குள்ளும் எவ்வளவு சிவப்புச் சத்து என்பது. 'எல்' என்றால் இருக்கவேண்டியதைவிடக் குறைவு. மாமாவுக்கு அணுக்கள் சின்னது, வெளிறியது. பிறவியிலேயே அப்படி இருப்பவர்களும் உண்டாம். ஆனால் பெரும்பாலும் அது இரும்புச் சத்து தீர்ந்துபோனதன் அடையாளம். சேமிப்பில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று பார்க்க ஃபெரிட்டின் என்று இன்னொரு பரிசோதனையும் செய்வித்தார். அதுவும் அடியில்தான் கிடந்தது.

இந்த வயது ஆண் ஒருவருக்கு இரும்பு இப்படித் தீர்ந்தால், உள்ளே எங்கேயோ இரத்தம் கசிகிறதா என்றுதான் முதலில் தேடவேண்டும் என்றார். பிறகு மாமாவின் பக்கம் குனிந்து கேட்டார்.

"ஐயா, குளிசை போட முந்தியும் கறுப்பாப் போனதா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "ஓம். சித்திரை வருசத்துக்கு முன்னமே. தார் மாதிரி."

நோவுக்கு ஏதும் குளிசை போடுகிறீர்களா என்று அடுத்த கேள்வி. அதற்கும் ஓம்தான். விடியப்புறம் வலை இழுக்க முன், வலையின் சொந்தக்காரரான சம்மாட்டி எல்லோருக்கும் வெறும் வயிற்றில் பால்விடாத ஒரு பிளேன்ரீயும் ஒரு நோக்குளிசையும் கொடுப்பாராம். அங்கே அது வழக்கமாம். மாமா பின்னேரம் சொந்தச் செலவில் இன்னொன்று போடுவாராம். முதுகு நோகிறது என்று வாய் திறந்தால் அடுத்த நாள் கயிற்றில் வேறு ஆள் நிற்கும். அதனால் வீட்டிலும் மூச்சு விடவில்லை.

வாய்க்குள்ளால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நோக்குளிசையால் வயிற்றில் புண், அதிலிருந்து இரத்தம். அதுதான் முதலிலிருந்தே கறுப்பாகப் போனது, இரும்புக் குளிசை வந்து அதை மறைத்துவிட்டது. நான் ஈரல் வறுத்து வறுத்துக் கொடுத்தது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளிய கதைதான்.

இரத்தம் ஏற்றினார்கள், நோக்குளிசையை நிறுத்தினார்கள், புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். ஆள் தேறினார். சம்மாட்டி அப்பிள் பையோடு வந்து, "நான் நல்லதுக்குத்தான் பிள்ளை குடுத்தனான்" என்றார். "நல்லதெண்டால் நீங்களும் ஒண்டு போட்டிருப்பியளே" என்று கேட்டுவிட்டேன். மரியாதையில்லாத கதைதான். ஆனால் திருப்பி எடுக்கமாட்டேன்.

பெரிய மாமியும் வந்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் பக்கத்தால் போகவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு, "இனியாவது நல்லாச் சமைச்சுக் குடு பிள்ளை, இரத்தம் ஊறட்டும்" என்றார். அப்போதுதான் மாமா வாய் திறந்தார்.

"அக்கா, அவள் ஒரு நேரமும் எனக்குச் சோறு போடாமல் விட்டதில்லை. நான்தான் சொல்லேல்லை."

பெரிய மாமி போனை எடுத்து யாருக்கும் இதைச் சொல்லவில்லை. பழி மட்டும்தான் பஸ் ஏறிப் போகும் போல.

மாமா இப்போது கயிறு பிடிப்பதில்லை, கிழிந்த வலை பொத்துகிறார். யாருக்காவது இரத்தம் குறைவாம் என்று கேள்விப்பட்டால், ஊர் இன்னமும் அந்த வீட்டுக் குசினியைத்தான் எட்டிப் பார்க்கிறது. நான் மட்டும், இருக்கிற இரத்தம் எங்கே போகிறது என்று கேட்கிறேன், ஏனென்றால் அந்த ஒரு கேள்வியை முதல் நாளே யாரும் கேட்காததால்தான் மாமாவின் உயிரும் என் பெயரும் ஒன்றாகக் கசிந்துகொண்டிருந்தன.